ரூபியைச் சுத்தி நின்னவங்க யார் யாரு? – கறுப்பின வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்றது பத்தி ஒரு கேள்வி

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். நியூ ஜெர்சியில இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன்.

"மேடம், என் பொண்ணு அஞ்சாம் வகுப்பு படிக்கிறா. பிப்ரவரி வந்தா ஸ்கூல்ல கறுப்பின வரலாற்று மாதம்னு போஸ்டர் செய்யச் சொல்றாங்க. மார்ட்டின் லூதர் கிங் படத்தை ஒட்டி, பிறந்த தேதி, இறந்த தேதி எழுதிக் கொண்டுபோறா. அதுக்கு மேல வீட்டுல என்ன சொல்லித்தர்றதுன்னு எங்களுக்குத் தெரியல. நாங்க இந்தியாவுல படிச்சவங்க, இந்த வரலாறு எங்களுக்கே புதுசு. அடிமை முறை, அடி, உதை இதெல்லாம் பத்து வயசுப் பிள்ளைகிட்ட சொல்லலாமா? எந்தப் புத்தகம் நல்லா இருக்கும்?"

நல்ல கேள்விம்மா. நான் நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன், அதனால இது எனக்கு தினசரி வர்ற விஷயம். சொல்லலாமான்னு கேட்டிருக்கீங்க. சொல்லணும். பத்து வயசுக்கு நியாயம், அநியாயம் நல்லாவே தெரியும். தம்பிக்கு ஒரு பிஸ்கட் கூடக் கொடுத்துட்டா எப்படிச் சண்டை போடுறாங்கன்னு பார்த்திருப்பீங்க. அந்த வயசுல சொன்னா உள்ள போய் நிக்கும். ஆனா எங்கே ஆரம்பிக்கிறோம்ங்கிறது ரொம்ப முக்கியம்.

நிறைய பேர் அடிமைக் கப்பல்ல ஆரம்பிக்கிறாங்க. அப்படி ஆரம்பிச்சா கறுப்பின மக்களோட வரலாறே சங்கிலியில தொடங்குதுன்னு பிள்ளை நினைச்சுக்கும். இதுக்கு நான் ஒரு கயிறு வச்சிருக்கேன். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு கணக்கு. ஒரு முனையில 1324. அந்த வருஷம்தான் மாலி நாட்டு அரசர் மன்சா மூசா மெக்காவுக்குப் போற வழியில கெய்ரோவுல தங்கத்தை வாரி வாரிக் கொடுத்தார், அங்கே தங்கத்தோட விலையே சரிஞ்சுபோச்சு. அங்கிருந்து கிட்டத்தட்ட மூணு மீட்டர் நடந்து வந்தாத்தான் 1619, வர்ஜீனியாவுக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து வித்த வருஷம். 1619-ல இருந்து 1865 வரைக்கும், அமெரிக்கா முழுக்க அடிமை முறை ஒழியுற வரைக்கும், 2 மீட்டர் 46 சென்டிமீட்டர். கையை முழுசா விரிச்சாலும் பிள்ளைகளுக்கு எட்டாது. 246 வருஷம்னு வாயால சொன்னா அது வெறும் எண். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா பிள்ளை அமைதியாயிடும்.

அந்தக் கயித்துல அவங்கவங்க பாட்டி பிறந்த வருஷத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் கிளிப் போடச் சொல்லுங்க. பக்கத்துலயே 1954-னு ஒரு சீட்டு மாட்டுங்க. அது ரூபி பிரிட்ஜஸ் பிறந்த வருஷம். "ரூபி நம்ம பாட்டி வயசா?"ன்னு கேட்பாங்க. ஆமா. இது ஏதோ ராஜா காலத்துக் கதை இல்ல.

ரூபி யாருன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 1954 மே மாசம் உச்ச நீதிமன்றம், கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில பிரிச்சு வைக்கிறது செல்லாதுன்னு தீர்ப்புச் சொல்லிடுச்சு. ஆனா தெற்கு மாநிலங்கள் இழுத்தடிச்சாங்க. லூசியானாவுல நியூ ஆர்லியன்ஸ் நகரத்துல அது நடைமுறைக்கு வர ஆறு வருஷம் ஆச்சு. 1960 நவம்பர் 14. ஆறு வயசு ரூபி, வில்லியம் ஃப்ரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்குப் போறா. மத்திய அரசோட மார்ஷல்கள் காவலுக்குக் கூடவே நடக்கிறாங்க. வெளியில ஒரு கூட்டம் கத்துது. அந்த ஊர்ல மார்டி கிரா திருவிழாவுக்குத் தெருவுல கூட்டம் கூடும், அதுதான் நடக்குதுன்னு அந்தக் குழந்தை நினைச்சிருக்கா.

முதல் நாள் பூராவும் தலைமை ஆசிரியர் அறையிலயே உட்கார்ந்திருந்தா. வெள்ளைக்காரப் பெற்றோர் வந்து வந்து அவங்க பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவளுக்குப் பாடம் எடுக்க முன்வந்தது பாஸ்டன்ல இருந்து வந்த பார்பரா ஹென்றி என்கிற ஒரே ஒரு டீச்சர். அந்த வருஷம் முழுக்க அந்த வகுப்புல ஒரு டீச்சர், ஒரு பிள்ளை.

ரூபியே பெரியவளானப்புறம் இதை எழுதியிருக்காங்க. "த்ரூ மை ஐஸ்"னு புத்தகம், 1999-ல வந்தது. அன்னைக்கு எடுத்த போட்டோக்கள், பத்திரிகைச் செய்தி எல்லாம் உள்ளேயே இருக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டாம், உங்க ஊர் லைப்ரரியில கேளுங்க, எடுத்துக் கொடுப்பாங்க. நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்தான் சொல்லணும்னா நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனா எப்படி வாசிக்கிறோம்னு ஒண்ணு இருக்கு. "ரூபி தைரியமான பொண்ணு"ன்னு சொல்லி மூடி வச்சிடாதீங்க. ஆறு வயசுக் குழந்தை தைரியமா இருக்க வேண்டிய நிலைமை ஏன் வந்தது? அவளைச் சுத்தி நின்னவங்க யார் யாரு? ஒவ்வொரு ஆளா எடுங்க. இதுக்கு நான் ரெண்டு வாரம் ஒதுக்குவேன்.

அப்பாவை எடுங்க. மகளை அந்தப் பள்ளிக்கு அனுப்பினதால அவர் வேலை போச்சு. மிசிசிப்பியில தாத்தா பாட்டி அடுத்தவங்க நிலத்துல வாரத்துக்கு விவசாயம் பார்த்துக்கிட்டிருந்தாங்க, வாரம்னா விளைச்சல்ல பங்கு. அவங்களையும் அந்த நிலத்தை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. தப்பு செஞ்சது யாரு, தண்டனை யாருக்குன்னு பிள்ளையே கேட்கும். அதே சமயம் அக்கம்பக்கத்துக்காரங்களைப் பாருங்க. அப்பாவுக்கு வேற வேலை கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். ரூபி போற காருக்குப் பின்னாடி தெருக்காரங்க துணைக்கு நடந்தே வந்தாங்க. பாடப்புத்தகத்துல பெரும்பாலும் இவங்க இருக்க மாட்டாங்க.

அதே நாள், அதே ஊர்ல இன்னொரு பள்ளிக்கூடம், மெக்டனோ 19. அங்கேயும் ஆறு வயசுப் பிள்ளைங்க மூணு பேர் நுழைஞ்சாங்க. லியோனா டேட், கெயில் எட்டியென், டெஸ்ஸி ப்ரெவோ. இந்த மூணு பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருத்தர் பேர் மட்டும் ஏன் எல்லாருக்கும் தெரிஞ்சுது, மத்தவங்க பேர் ஏன் தெரியலன்னு பிள்ளைகள்ட்ட கேட்டுப் பாருங்க. அங்கேதான் வரலாறு படிக்கிறதே ஆரம்பிக்குது.

அடுத்து அந்தக் கூட்டம். அதுக்கு ஒரு ஓவியம் இருக்கு. நார்மன் ராக்வெல் வரைஞ்சு 1964-ல லுக் பத்திரிகையில வந்தது. வெள்ளைக் கவுன் போட்டு, கையில புத்தகமும் ஸ்கேலும் வச்சுக்கிட்டு ஒரு குட்டிப் பொண்ணு நடக்கிறா. முன்னால ரெண்டு மார்ஷல், பின்னால ரெண்டு மார்ஷல், அவங்க தலை படத்துல வராது. சுவத்துல தக்காளி எறிஞ்ச கறை. அதே சுவத்துல கறுப்பின மக்களை இழிவாச் சொல்ற ஒரு வார்த்தையும் எழுதியிருக்கும், அதனால முதல்ல நீங்க பார்த்து, பிள்ளைகிட்ட சொல்லி வச்சிட்டு அப்புறம் காட்டுங்க. காட்டிட்டு ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க. என்ன தெரியுதுன்னு மட்டும் கேளுங்க. கடைசியா, "கூட்டம் எங்கே?"ன்னு கேளுங்க. கூட்டம் படத்துல இல்ல. தக்காளி எறிஞ்சவங்க எங்கே நின்னாங்களோ அங்கேதான் பார்க்கிற நாம நிக்கிறோம். என் வகுப்புல ஒரு பையன் இதைக் கண்டுபிடிச்சப்போ நாற்காலியைத் தள்ளிட்டு ஒரு அடி பின்னால போனான். அப்படி ஒரு பாடத்தை என்னால பேசிப் புரிய வச்சிருக்க முடியாது.

நடிப்பு, விளையாட்டுன்னு சில பேர் செய்யறாங்க. பிள்ளைகளை அடிமைகளா நிக்க வச்சு ஏலம் விடுற மாதிரி, தப்பிச்சு ஓடுற மாதிரி. இது வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். நானே வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கப்பல்ல எவ்வளவு நெருக்கி அடைச்சாங்கன்னு காட்டறதுக்காகத் தரையில டேப் ஒட்டி, பிள்ளைகளை வரிசையாப் படுக்க வச்சேன். மத்த பிள்ளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டு சிரிச்சாங்க. ஒரு கறுப்பினப் பொண்ணு மட்டும் கூரையைப் பார்த்துக்கிட்டே அசையாமப் படுத்திருந்தா. அன்னைக்கு சாயங்காலம் அவ அம்மாகிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் துன்பத்தை அஞ்சு நிமிஷத்துல யாராலயும் அனுபவிச்சுப் பார்க்க முடியாது. சிரிக்கிறவனுக்கு அது விளையாட்டாப் போயிடும், தன் சொந்தக் குடும்பத்துக் கதையா அதைக் கேட்கிற பிள்ளைக்குக் காயமாயிடும்.

நடிக்கிறதுக்குப் பதிலா அந்தக் காலத்துக் காகிதத்தைக் கையில கொடுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது கிரீன் புக். நியூயார்க் ஹார்லெம்ல விக்டர் கிரீன்னு ஒரு தபால்காரர், 1936-ல இருந்து வெளியிட்ட பயணக் கையேடு. கறுப்பினக் குடும்பம் கார்ல வெளியூர் போனா எந்த ஹோட்டல்ல அறை கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம்னு ஊர் ஊரா முகவரி இருக்கும். நியூயார்க் பொது நூலகம் பழைய பதிப்புகளை ஆன்லைன்ல போட்டிருக்காங்க, இலவசமாப் பார்க்கலாம். நீங்க கோடை விடுமுறைக்குக் கார்ல போயிருப்பீங்க இல்லையா, அதே பாதையை மேப்ல வரைஞ்சு, கிரீன் புக்கை வச்சு பயணத் திட்டம் போடச் சொல்லுங்க. எந்த ஊர்ல நிறுத்த முடியும், எங்கே முடியாது? அடுத்த இடம் எத்தனை மைல்? தங்கச்சிக்குப் பாத்ரூம் போகணும்னா என்ன செய்வீங்க? கணக்கும் வரும், பூகோளமும் வரும், அந்த அப்பா அம்மா எவ்வளவு முன்யோசனையோட வாழ்ந்தாங்கங்கிறதும் வரும். யாரும் அடிமையா நடிக்க வேண்டியதில்ல.

உங்க பொண்ணு நல்லா வாசிக்கிறவளா இருந்தா, நாவல் ஒண்ணு சொல்றேன். மில்ட்ரெட் டெய்லர் எழுதின "ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை". 1930-கள் மிசிசிப்பியில நடக்கிற கதை. முதல் அத்தியாயத்துலயே ஒரு காட்சி. கறுப்பினப் பள்ளிக்குப் புத்தகம் வருது. அட்டையைத் திறந்தா உள்ளே ஒரு பட்டியல், எந்த வருஷம் யார் கையில இருந்தது, புத்தகம் எந்த நிலையில இருந்ததுன்னு. புதுசா இருந்தப்போ எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகிட்ட. "ரொம்ப மோசம்"ங்கிற நிலைக்கு வந்ததும்தான் இவங்க கைக்கு வருது. ஆறு வயசுப் பையன் அதை வாசிச்சுட்டு, புத்தகத்தைக் கீழே போட்டு மிதிக்கிறான். "புத்தகத்தை மிதிக்கலாமா?"ன்னு நம்ம வீட்டுப் பிள்ளைகிட்ட கேளுங்க. கால் பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிற வீட்டுல வளர்ற பிள்ளை. அவ சொல்ற பதிலைக் கேட்க எனக்கே ஆசையா இருக்கு. கதை போகப் போக வன்முறை வரும், அதனால நீங்க முதல்ல வாசிச்சுட்டு, பிறகு சேர்ந்து வாசிங்க.

ரோசா பார்க்ஸ் கதையிலயும் ஒரு திருத்தம். பஸ்ல வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுக் கொடுக்கச் சொன்னப்போ, வேலை முடிஞ்சு களைச்சுப் போனதால அவங்க எழுந்திருக்கலன்னு சொல்லித்தர்றாங்க. அப்படி இல்ல. அவங்க பல வருஷமா கறுப்பின மக்களோட உரிமைச் சங்கத்துல செயலாளரா வேலை பார்த்தவங்க. அவங்களுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே, 1955 மார்ச்ல, அலபாமா மாநிலத்துல அதே மான்ட்கமரி ஊர்ல கிளாடெட் கோல்வின்னு 15 வயசுப் பொண்ணு எழுந்திருக்க மறுத்துக் கைதானா. ரோசா பார்க்ஸும் கைதானப்புறம் 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின ஜனங்க பஸ்ல ஏறல. நடந்தாங்க, கார்ல பகிர்ந்து போனாங்க. அந்த 381 நாளைக் காலண்டர்ல ஒவ்வொரு கட்டமா வண்ணம் தீட்டச் சொல்லுங்க, கை வலிக்கும்.

இன்னொரு விஷயம், நம்ம வீடுகளுக்காக. ரூபி சொல்லியிருக்காங்க. அந்த வருஷக் கடைசியில சில வெள்ளைக்காரப் பிள்ளைங்க திரும்ப வந்தாங்க. ஒரு பையன், உன்கூட விளையாடக்கூடாதுன்னு எங்க அம்மா சொன்னாங்கன்னு, அந்த இழிவான வார்த்தையைச் சேர்த்துச் சொன்னான். இதெல்லாம் தன் தோலோட நிறத்துக்காகத்தான்னு அந்தக் குழந்தைக்கு அப்போதான் புரிஞ்சுது. அந்தப் பையனுக்கும் ஆறு வயசு இருக்கும். வார்த்தை அம்மாவோடது. நாமளும் கார்ல போறப்போ, "அந்த ஏரியா வேண்டாம், கறுப்பனுங்க இருப்பாங்க"ன்னு தமிழ்ல சொல்லிட்டு, பின் சீட்டுல இருக்கிற பிள்ளைக்குப் புரியாதுன்னு நினைக்கிறோம். புரியுது. என்கிட்ட வந்து, எங்க வீட்டுல இப்படிச் சொல்றாங்க டீச்சர்னு பிள்ளைங்க சொல்லியிருக்காங்க. வீட்டுல பிறந்த குழந்தையைப் பார்த்துட்டு "கொஞ்சம் கறுப்புதான்"னு குரலைத் தாழ்த்திச் சொல்றதும் அதே காதுலதான் விழுது. புத்தகம் எடுக்கிறதுக்கு முன்னாடி இதை நிறுத்தணும்.

இது யாரோ ஒருத்தங்க வரலாறும் இல்ல. 1946 சட்டப்படி இந்தியாவுல இருந்து அமெரிக்காவுல குடியேற வருஷத்துக்கு 100 பேர்னுதான் ஒதுக்கீடு. அதை மாத்தினது 1965 குடியேற்றச் சட்டம். 1964-ல சிவில் உரிமைச் சட்டம், 1965-ல ஓட்டுரிமைச் சட்டம், அதே அலையில அதே வருஷம் இந்தச் சட்டமும் வந்தது. உங்க வீட்டுக்காரரும் நீங்களும் இங்கே வந்ததுக்குப் பின்னால மான்ட்கமரியில நடந்தவங்க கால்வலியும் இருக்கு. இதை அந்தக் கயித்துல 1965-னு ஒரு சீட்டு எழுதி உங்க பொண்ணையே மாட்டச் சொல்லுங்க.

போஸ்டர் பத்தித்தானே ஆரம்பிச்சீங்க. இந்த வருஷம் தேதி எழுத வேண்டாம். அட்டை நடுவுல ரூபியை வரையட்டும். சுத்தி, வேலை போன அப்பா, நிலம் போன தாத்தா பாட்டி, வேலை கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், காருக்குப் பின்னால நடந்தவங்க, ஹென்றி டீச்சர், தலை தெரியாத மார்ஷல்கள், லியோனா, கெயில், டெஸ்ஸி, கத்துற கூட்டம், அம்மா சொன்னாங்கன்னு சொன்ன அந்தப் பையன். ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் அவங்ககிட்ட ஒரு கேள்வி எழுதட்டும். அட்டை பத்தலன்னா இன்னொரு அட்டையைச் சேர்த்து ஒட்டிக்கட்டும்.