கம்போடிய நடனம் யாருக்குச் சொந்தம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு நாட்டின் பண்பாட்டு அடையாளத்தில் இசைக்கும் நடனத்துக்கும் உள்ள இடத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசினால், பேச்சு இனிய சொற்களோடு நின்றுவிடும் என்பதால், இந்தக் காணொளியில் கம்போடியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கலை எந்த நாட்டுக்கு உரியது என்று கேட்பதைவிட, அங்கே அதை யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்பதே முக்கியம் என்ற எண்ணம், அந்த நாட்டின் வரலாற்றைப் படித்த பிறகே எனக்குள் உறுதிப்பட்டது.

அங்கோர் வாட் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு, இன்று மேடைகளில் ஆடப்படும் அப்சரா நடனம் அந்தச் சுவர்களிலிருந்து நேராக இறங்கி வந்தது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சிற்பங்களின் தூண்டுதலில் அந்த நடனத்தை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாக்கியவர் அரசி சிசோவத் கொசமக். அதில் முதன்மை இடத்தில் ஆடிப் புகழ்பெற்றவர் அவருடைய பேத்தி இளவரசி நொரோதோம் புப்பா தேவி. அப்சரா உருப்படி புதியதுதான். அதைத் தாங்கி நிற்கும் அரசவை நடனம் மிகப் பழையது. 1906-இல் மன்னர் சிசோவத்துடன் பிரான்சுக்குச் சென்ற நடனக் குழுவைப் பாரிசில் பார்த்த சிற்பி ரோதேன், அவர்களைத் தொடர்ந்து மார்செய் வரை சென்று ஏறக்குறைய 150 ஓவியங்கள் தீட்டினார்.

அந்த நடனத்தில் பெண், ஆண், அரக்கர், குரங்கு என்று நான்கு வகைப் பாத்திரங்கள் உண்டு; இராமாயணத்தின் கெமர் வடிவமான ரியம்கேரிலிருந்து பல காட்சிகள் ஆடப்படுகின்றன. விரல்களைப் புறங்கையை நோக்கி வளைக்கும் பயிற்சி சிறுவயதிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனெனில் எலும்பு முற்றிய பிறகு அந்த வளைவு வராது. கொடி, இலை, பூ, கனி ஆகியவற்றைக் குறிக்கும் கை நிலைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக மெதுவாக மலர்வதைக் கவனித்துப் பாருங்கள். நம் பரதநாட்டிய முத்திரைகளைப் பழகிய கண்ணுக்கு முதலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், சிறிது நேரத்தில் அந்த நிதானமே தனி அழகு என்பது புரியும். உடன் ஒலிக்கும் பின்பியாட் குழுவில் ரோனியாட் என்னும் மரக்கட்டை வாத்தியம், வட்டமாக அடுக்கிய, நடுவில் குமிழுள்ள வெண்கலச் சேகண்டிகள், சிராலை என்னும் சீவாளிக் குழல் எல்லாம் இருந்தாலும், நடத்திச் செல்வது சாம்போ என்ற இருமுக முழவுதான். இந்த இசையும் காதால் கேட்டே கற்கப்பட்டு வந்தது. ஆகவே ஆசிரியர் இறந்தால், அவரிடம் மட்டும் இருந்த பாடமும் அவரோடு போய்விடும்.

அதுதான் நடந்தது. 1975 ஏப்ரல் 17 முதல் 1979 ஜனவரி 7 வரை நீடித்த, கெமர் ரூஜ் என்னும் தீவிரக் கம்யூனிச இயக்கத்தின் ஆட்சியில் ஏறக்குறைய பதினேழு லட்சம் பேர் மாண்டனர் என்பது ஆய்வாளர்கள் பரவலாக ஏற்கும் மதிப்பீடு. கலைஞர்களில் பத்தில் ஒன்பது பேர் அழிந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. நாடே விரும்பிக் கேட்ட திரையிசைப் பாடகர் சின் சிசாமுத்தும் அந்த ஆண்டுகளில்தான் மறைந்தார். அந்த ஆட்சி இசையையே வெறுத்தது என்று எண்ணிவிட வேண்டாம். வயல்களில் ஒலிபெருக்கிகள் வழியே புரட்சிப் பாடல்கள் ஒலித்தன. கறுப்பு உடை அணிந்த இளைஞர்களின் நடனக் குழுக்களும் இருந்தன. மக்களின் நினைவை மாற்ற நினைத்தவர்கள் பாட்டின் வலிமையை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதே எனக்கு மிகவும் கலக்கம் தரும் செய்தி.

ஆட்சி வீழ்ந்த பிறகு உயிர் பிழைத்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் தலைநகர் நோம் பென்னின் நுண்கலைப் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கே கற்பித்த மூத்தவர்களில் ஒருவர் செயா சாமி. சிறுமியாக இருந்தபோதே அரண்மனைக்குள் நடனம் பயின்றவர். அவருடைய கணவரின் தம்பிதான் கெமர் ரூஜ் தலைவர் போல் பாட். அந்தக் குடும்பமும் மற்றவர்களைப் போலவே வயல் வேலைக்கு விரட்டப்பட்டது. தங்களை ஆளும் போல் பாட் யார் என்பது, பொது உணவுக்கூடத்தில் தொங்கிய படத்தைப் பார்த்த பிறகே அவர்களுக்குத் தெரிந்தது. அத்தகைய ஒருவர் மீண்டும் குழந்தைகளின் விரல்களைப் பிடித்து வளைத்துக் கற்றுக்கொடுத்தார் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு பகுதியும் இன்னொருவருக்கு மற்றொரு பகுதியும் நினைவிருக்க, அவற்றைச் சேர்த்துத்தான் பழைய உருப்படிகள் உயிர்பெற்றன. அதே காலத்தில் தாய்லாந்து எல்லையோர அகதி முகாம்களிலும் பிள்ளைகளுக்கு இதே நடனம் கற்பிக்கப்பட்டது. 2003-இல் யுனெஸ்கோ அரசவை நடனத்தைச் சிறப்பித்து அறிவித்தபோது அந்த உழைப்பு உலகின் கண்ணில் பட்டது.

இனி உரிமைச் சண்டைக்கு வருகிறேன். 2016-இல், முகமூடி அணிந்து ஆடப்படும் கோன் நடனத்தைத் தாய்லாந்து யுனெஸ்கோவுக்குக் கொண்டுசெல்கிறது என்ற செய்தி வந்ததும், அது எங்களுடையது என்று கம்போடியர்களும், இல்லை என்று தாய்லாந்தினரும் சமூக ஊடகங்களில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். இரு நாட்டு அரசவைகளுக்கும் இடையே கலைஞர்களும் கதைகளும் உடைகளும் பல நூற்றாண்டுகள் போய்வந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அரசவை நடனத்துக்குப் புது வடிவம் தந்த மன்னர் ஆங் துவோங், அரியணை ஏறுமுன் நெடுங்காலம் பாங்காக்கில் வாழ்ந்தவர். இதைச் சொல்வதால் கெமர் நடனத்தின் மதிப்பு குறைந்துவிடாது. போரில் தோற்று, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டு, பேரழிவையும் கண்ட ஒரு மக்களுக்கு, இதுவாவது எங்களுடையதாக இருக்கட்டும் என்ற ஏக்கம் இருப்பது இயல்பு. அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அண்டை நாட்டாரைத் திருடர் என்று அழைப்பதை ஏற்க முடியவில்லை.

2018-இல் யுனெஸ்கோ இரண்டையும் பதிவு செய்தது: தாய்லாந்தின் கோன் பொதுப் பட்டியலிலும், கம்போடியாவின் வாட் ஸ்வாய் அன்டேட் கிராமத்து லக்கோன் கோல் என்னும் முகமூடி நடனம் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் பட்டியலிலும் இடம்பெற்றன. பெருமை பேசியவர்கள் கவனித்திருக்க வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலைத்தான். நோம் பென்னுக்கு அருகிலுள்ள அந்த ஊரில், காவல் தெய்வங்களை வேண்டி, ஊரும் விளைச்சலும் செழிக்க, ரியம்கேர் கதையை ஊர் மக்களே ஆடுகிறார்கள். அங்கே தேவைப்படுவது ஆசிரியருக்கு வருமானமும் இளைஞர்களுக்கு நேரமும்.

அங்கோர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கோருக்கு அருகிலுள்ள சியம் ரீப் நகர உணவகங்களில் இரவு உணவோடு காட்டப்படும் சிறு நிகழ்ச்சியோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளிகளும் கலை அமைப்புகளும் நடத்தும் முழு நிகழ்ச்சி ஒன்றுக்குச் சீட்டு வாங்கிப் பாருங்கள். வாத்தியக்காரர்களுக்கு அருகில் இடம் கிடைத்தால், சாம்போ வாசிப்பவரின் கைகள் நடனக்காரரின் அடிகளை எப்படி முந்திச் செல்கின்றன என்று கவனியுங்கள். அடுத்த காணொளியில் அந்த முழவைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசுகிறேன். நன்றி, வணக்கம்.