கடற்கரைக் கல்யாணத்துக்கு எந்த மாதம்? மாமல்லபுரம் மணலிலிருந்து ஒரு பேச்சு

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், மைக்குக்கு உறை போட்டிருக்கிறேன், இருந்தாலும் கடல் கடல்தான். இப்போது மாமல்லபுரத்தில், கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே இருக்கிற மணலில் நிற்கிறேன். ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில் என்று சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "கடற்கரையில் கல்யாணம் வைக்கலாம் என்று இருக்கிறோம், எந்த மாதம் நல்லது, படம் எப்போது நன்றாக வரும்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக்குத் தெற்கே இருக்கிற கோவளத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் உள்ள இந்தக் கரைக்கு, தை மாதத்தின் பிற்பாதியும் மாசியும். ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. அதிலும் காலை முகூர்த்தம். ஏன் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

என்னிடம் வருகிறவர்கள் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். கோவாவிலோ வர்கலாவிலோ எடுத்தது. ஆரஞ்சு வானம், சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, ஜோடி நிழலுருவமாக நிற்கிறது. "இதே மாதிரி வேண்டும்." அது மேற்குக் கடற்கரை. இங்கே மாலை ஆறு மணிக்கு சூரியன் நமக்கு முதுகுப் பக்கம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போய்விடும். கடல் நீலமும் சாம்பலுமாக மாறிக்கொண்டிருக்கும். நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. இது காலையின் கரை. அந்த ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொண்டால், மாதம், நேரம், மேடை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

சரி, நேரத்துக்கு வருவோம். நம் வீடுகளில் ஆறு முதல் ஏழரை வரை முகூர்த்தம் என்று பத்திரிகையில் போடுவது சாதாரணம். பிப்ரவரி நடுவில் இங்கே சூரியன் எழுவது சுமார் ஆறரை மணிக்கு. தாலி கட்டுவது ஏழு, ஏழேகாலுக்கு என்றால், சூரியன் கடலை விட்டு ஒரு பனைமர உயரம்தான் ஏறியிருக்கும். பொன் வெளிச்சம் என்று நாங்கள் தவம் கிடக்கிற வெளிச்சம் சரியாகச் சடங்கின் நடுவில் வந்து விழுகிறது. பட்டுப்புடவையின் ஜரிகை, மஞ்சள் பூசிய முகம், தாலிச் சரடு எல்லாம் அந்த வெளிச்சத்துக்காகவே செய்தது மாதிரி இருக்கும். ஃபிளாஷ் தேவையே இல்லை.

அதே ஆறு முதல் ஏழரை முகூர்த்தத்தை வைகாசியில் வைத்துப் பாருங்கள். மே கடைசியில் சூரியன் ஐந்தே முக்காலுக்கு முன்பே எழுந்துவிடுகிறது. ஏழரைக்குள் வெளிச்சம் வெள்ளையாகிவிடும், கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பிக்கும், மாப்பிள்ளை நெற்றியில் வேர்வை மின்னும். பஞ்சாங்கத்தில் நேரம் ஒன்றுதான், படம் வேறு.

திசையும் மாறுகிறது. இதோ கேமராவைத் திருப்புகிறேன், கோயில் எனக்குத் தெற்கே இருக்கிறது. மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழும், அதனால் இங்கிருந்து பார்த்தால் கோயில் பக்கமாக வரும். ஆனியில் வடகிழக்கே விலகிவிடும், கோயிலையும் உதயத்தையும் ஒரே ஃபிரேமில் கொண்டுவருவது கடினம். கோயில் வளாகத்துக்குள் எடுப்பதென்றால் அது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம், 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். ட்ரைபாட், லைட் என்று போவதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ட்ரோனும் அப்படித்தான். கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டுகிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் எந்த ட்ரோன்காரர் "பறக்கவிடலாம் சார்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்து காற்று. கடற்கரைக் கல்யாணத்தில் வெளிச்சத்துக்குச் சமமான விஷயம் இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. நம் கல்யாணத்தில் ஓமகுண்டம் இருக்கிறது. நெருப்பு, நெய், புகை. காற்று தப்பான பக்கத்திலிருந்து வந்தால் புகை முழுக்கப் பெண் மாப்பிள்ளை முகத்தில் அடிக்கும், எல்லாப் படத்திலும் கண் சிவந்திருக்கும். தை கடைசி, மாசி விடியற்காலையில் காற்று மெல்லியதாக, பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகும். இரவில் தரை கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் அப்படி. வெயில் ஏறித் தரை சூடானபின் கடல்காற்று உள்ளே வரும். அதற்குள் மாலை மாற்றி, தாலி கட்டி, அக்னி வலம் வந்து முடித்துவிட்டால் பந்தலும் பத்திரம், புகையும் கடல் பக்கம் போய்விடும். மணவறை போடுகிறவரிடம் நான் முதலில் கேட்பது குண்டம் எந்த இடத்தில் வரும் என்பதுதான். சாஸ்திரிகளிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்பார், அதாவது கடலைப் பார்த்து. அப்போது வெளிச்சம் நேராக முகத்தில் விழும். விருந்தினரை மேடைக்குப் பின்னால் உட்காரவைக்க முடியாது, அதனால் நாற்காலிகளை வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு பக்கம் போடச் சொல்கிறேன். கடல் பக்கம் திறந்திருக்கட்டும். கேமராவுக்கும் வழி கிடைக்கும்.

பனி இருக்கும், அதை மறக்க வேண்டாம். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. நாற்காலியை முந்தின இரவே போட்டு வைத்தால் காலையில் ஈரமாக இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு சால்வை கூடையில் வைத்துவிடுங்கள். காப்பி ஐந்தரைக்கே தயாராக இருக்க வேண்டும், இதை நான் சமையல்காரரிடம் தனியாகவே சொல்லிவிடுவேன்.

மாசியில் இந்த மணலில் கல்யாணம் என்பது நாம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. மாசி மகத்தன்று சுற்று மாவட்டங்களிலிருந்து இருளர் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கே வந்து கூடுகிறார்கள். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு இரவு முழுக்கத் தங்கி, விடியற்காலையில் கன்னியம்மனைக் கும்பிட்டு, இதே கரையில் பெண் பார்த்து நிச்சயம் செய்வதும் தாலி கட்டுவதும் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதும் நடக்கிறது. கரையை அறிந்தவர்கள் தேர்ந்தெடுத்த பருவம், தேர்ந்தெடுத்த நேரம். எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம். அந்த நாளில் உங்கள் கல்யாணத்தை இங்கே வைக்காதீர்கள், அது அவர்களுடைய நாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் சடங்குக்குள் நுழைவதும் வேண்டாம்.

இப்போது மழை. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். டிசம்பரில் லீவு கிடைக்கும், ஆனால் பதினைந்து தேதிக்கு மேல் மார்கழி, முகூர்த்தம் கிடையாது. அதனால் கார்த்திகையில் கடைசி முகூர்த்தத்தைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கார்த்திகைக் கடற்கரையை நினைவுபடுத்திப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் கரை கடந்தது இதே மாமல்லபுரத்தை ஒட்டித்தான். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல், புதுச்சேரி பக்கம். ஒரு வருடத்தில் சென்னைக்குக் கிடைக்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பந்தல்காரர் எவ்வளவு கெட்டியாகக் கம்பு நட்டாலும் புயலுக்கு முன்னால் அது துணிதான். கடல் ஏறி வந்து மணலை அரித்துவிட்டால் மேடை போட இடமே இருக்காது.

பொங்கல் முடிந்த உடனே வைக்கலாமா என்று கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை சில வருடம் ஜனவரி நடுப்பகுதி தாண்டியும் விலகாமல் நிற்கும். ஒரு பத்து நாள் விட்டு வைத்தால் நிம்மதி.

மாலை ரிசப்ஷனைப் பற்றி இரண்டு வார்த்தை, இதில் எனக்குத் தனி ஆசை உண்டு. சூரியன் மறைந்த உடனே எல்லோரும் மேற்கே திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் கடலைப் பாருங்கள். தொடுவானத்தை ஒட்டி ஒரு நீலச் சாம்பல் பட்டை எழும், அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கால் மணி நேரம்தான் இருக்கும். மழை விட்டுக் காற்று தெளிந்த நாட்களில் மிக அழகாகத் தெரியும். ஜோடியைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்தால் மேற்கு வானத்தின் மெல்லிய வெளிச்சம் முகத்தில் விழும், பின்னால் அந்த ரோஜா நிறம். கோவா படத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய பதில் இது.

அதோடு நிலா சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பௌர்ணமி நிலா கடலிலிருந்து எழுவது கிழக்குக் கரைக்குக் கிடைத்த வரம். நாங்கள் விரும்புவது பௌர்ணமிக்கு முந்தின மாலை. அன்று சூரியன் மறைவதற்குக் கொஞ்சம் முன்பே நிலா வந்துவிடும், வானத்தில் வெளிச்சம் மீதி இருக்கும், முகமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷரில், அதாவது கேமராவின் ஒரே வெளிச்ச அளவில், அடங்கும். பௌர்ணமியன்று நிலா மேலேறுவதற்குள் இருட்டிவிடும். வளர்பிறை முகூர்த்தம்தானே எப்படியும் பார்க்கிறோம், திரயோதசி பக்கமாக அமைந்தால் ஜோசியருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். ஒன்று மட்டும், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அலை வழக்கத்தைவிட மேலே வரும். முந்தின நாள் ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதற்கு நன்றாக மேலே மேடை போடச் சொல்லுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை எச்சரிக்கை வெளியிடுகிறது, கல்யாண வாரத்தில் தினமும் அதைப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தை, மாசியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிட இந்த மணலுக்கு வருவது ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை, அதாவது நம் கல்யாணப் பருவத்தில்தான். ஆமை இரவில் ஏறி வரும். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் திரும்பிப் போய்விடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துப் பொரிக்கிற குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும், இயற்கையில் அது கடல், கல்யாண வீட்டுப் பக்கத்தில் அது சீரியல் லைட். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை நானே நடந்து பார்த்தேன், அந்த வாரம் கேமராவை எடுக்கவே கை வரவில்லை. அதனால் என் வேண்டுகோள்: சடங்கைக் காலையில் மணலில் வையுங்கள், இரவு விருந்தைப் புல்தரைக்கு மாற்றுங்கள். கடல் பக்கம் பார்க்கிற ஃபோகஸ் லைட் வேண்டாம். மணலில் டிஜே வேண்டாம். கம்பு நட்ட குழிகளை மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மற்ற மாதங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்கு லீவு, சொந்தம் முழுக்க வரும், அது உண்மை. ஆனால் கத்திரி வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் மணலில் நிற்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு, ரிசப்ஷனில் வஞ்சிரம் வறுவல் போட நினைத்திருந்தால் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆடி, புரட்டாசி நம்மவர்கள் வைப்பதில்லை. ஆவணியைத்தான் யாரும் கவனிப்பதில்லை, என் இரண்டாவது தேர்வு அது. மழை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ மேற்கிலிருந்து இடியோடு வந்து போகும், காலை வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும், ரூம் வாடகையும் தை மாதத்தைவிடக் குறைவாகக் கிடைக்கும்.

புதுச்சேரியில் வைக்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. உதயத்தில் கறுப்புப் பாறைகளும் வெறும் சாலையும் உங்களுக்கு. கோவளம் பக்கம் என்றால் படகுகள் திரும்பி வருகிற நேரம் அது. படகுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க ஆசை இருந்தால் படகுக்காரரிடம் கேளுங்கள், செருப்போடு அதில் ஏறாதீர்கள், அவர்களுக்கு அது பிழைப்பும் சாமியும்.

படம் எடுக்கிற தம்பி, தங்கைகளுக்கு: ஏசி ரூமிலிருந்து கேமராவை நேராக மணலுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். வெறும் மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள், இரண்டு கேமரா பாடி எடுத்து வாருங்கள். உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஏற்கெனவே ஐப்பசியிலோ கார்த்திகையிலோ தேதி குறித்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டோம் என்கிறவர்கள் பயப்பட வேண்டாம். சடங்கை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், கடலைப் பார்த்த வராந்தா உள்ள இடமாக இருந்தால் போதும். மழை மேகத்துக்குக் கீழே வெளிச்சம் மிக மென்மையாக இருக்கும், நான் விரும்பி எடுக்கிற வெளிச்சம் அது. மணலில் எடுக்க நினைத்த ஜோடிப் படங்களை மட்டும் தையில் ஒரு காலைக்குத் தள்ளி வையுங்கள், போட்டோகிராபரிடம் ஒப்பந்தம் போடும்போதே அந்தக் காலையையும் சேர்த்து எழுதிவிடுங்கள். உங்கள் தேதியையும் ஊரையும் கமெண்டில் போடுங்கள், அன்றைக்கு உதயம் எத்தனை மணிக்கு, நிலா எப்போது வரும் என்று பார்த்துப் பதில் எழுதுகிறேன்.