வங்குன்னா எலிப் பொந்தா, தோணியோட விலாவா?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "தூத்துக்குடியில தோணி கட்டுற இடத்துல 'வங்கு வச்சாச்சு'ன்னு பேசிக்கிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு வங்குன்னா எலிப் பொந்து. இது எந்த வங்கு?" அருமையான கேள்வி. படிச்சதுல இருந்து எனக்கு வேற வேலையே ஓடல.

போன பேச்சுல ஏரா பார்த்தோம்ல, தோணியோட அடிமரம்? அதுல இருந்து ரெண்டு பக்கமும் வளைஞ்சு மேல ஏறுற சட்டம்தான் வங்கு. அகராதியில 'மரக்கலத்தின் விலாச்சட்டம்'னு போட்டிருக்கும். கூடவே மரப்பொந்து, மலைக்குகை, எலிவளை, நாய்ச்சொறி எல்லாத்துக்கும் அதே வங்குதான். சொறியை விட்டுருவோம்.

எலி 'வளை'ன்னு சொன்னேன் பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. வளைன்னா பொந்து. கூரையைத் தாங்குற மரமும் வளை. கையில போடுறதும் வளை. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது வளையுறதுதான். வங்கும் அப்படித்தான்னு நான் உறுதியா நினைக்கிறேன். மேல்கையில போடுற வங்கியைப் பாருங்க, வளைஞ்ச நகை. வாங்குவில்னா வளைஞ்ச வில். நான் அடிக்கடி சொல்றதுதான்: அகராதியில ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தா, பத்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, எல்லாத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடுங்க.

கப்பலுக்கு வங்கம்னு பேர் இருக்கே, அதுவும் இந்தக் குடும்பமான்னு கேப்பீங்க. எனக்கு அப்படித்தான் தோணுது. திருப்பாவை கடைசிப் பாசுரத்துல 'வங்கக் கடல் கடைந்த'ன்னு வருது. பலபேர் வங்காள விரிகுடான்னு நினைச்சுக்கிறாங்க. கடைஞ்சது பாற்கடலைங்க! கப்பல் ஓடுற கடல்ங்கிற பொருள்லதான் ஆண்டாள் அங்க வங்கம்னு சொல்றா.

சரி, மரத்துக்கு வருவோம். நேரான மரத்தை வளைவா அறுத்து வங்கு செஞ்சா, மரத்துக்குள்ள நீளவாக்குல ஓடுற ரேகை குறுக்கே வெட்டுப்படும். அலை அறையும்போது அந்த இடத்துலதான் பிளக்கும். அதனால இயற்கையாவே வளைஞ்ச கிளையாத் தேடுவாங்க. நாட்டுக் கருவேலம் இதுக்குப் பேர் போனது. ரேகையும் வளைவும் சேர்ந்தே ஓடும்.

ஆனா நீங்க என்கிட்ட கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: பலகை முதல்லயா, வங்கு முதல்லயா? ஐரோப்பாவுல பிற்காலத்துல கட்டின பெரிய கப்பல்கள்ல வங்கை முதல்ல நிறுத்திட்டு, அதுமேல பலகை அடிச்சாங்க. வங்குதான் கப்பலோட வடிவத்தையே தீர்மானிக்கும். கேரளாவுல பேப்பூர்ல கட்டுற 'உரு'ங்கிற மரக்கப்பல்ல இது தலைகீழ். பலகையை முதல்ல சேர்த்து உடம்பைக் கட்டிடுவாங்க, வங்கு அப்புறம்தான் உள்ள போகும். கயித்தால தைச்ச பழைய கப்பல்களும் பலகைதான் முதல்ல. 2025ல நம்ம கடற்படை சேர்த்துக்கிட்ட கௌண்டின்யா அந்த மாதிரி தைச்ச கப்பல்தான்.

பலகை முதல்லன்னா வேலை எப்படின்னு யோசிங்க. வங்கைத் தூக்கி உள்ள வச்சுப் பார்க்கணும். பலகையில இடிக்கிற இடத்துல குறி போடணும். இறக்கி வாய்ச்சியால செதுக்கணும். திரும்பத் தூக்கணும். இடைவெளி தெரியாம உக்கார்ற வரைக்கும் இதேதான். ஒவ்வொரு வங்குக்கும் வளைவு வேற, அதனால ஒண்ணுக்குச் செதுக்கினது இன்னொண்ணுக்கு உதவாது. கருவேலம் வேற இரும்பு மாதிரி இருக்கும்.