சிமெண்டு பூசினால் சுவர் பிழைக்குமா? ஜார்ஜ்டவுன் கடைவீடும் கட்டமைப்புப் பொறியாளரும்

[காட்சி: பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகர், லிட்டில் இந்தியா. கடைவீட்டுச் சுவரின் அடிப்பகுதி.]

இடுப்பளவுக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளைப் பொடி உதிர்கிறது. 2008இல் ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்கு, கீழே கடையும் மேலே வீடுமான இத்தகைய கடைவீட்டு வரிசைகளும் ஒரு காரணம். ஆனால் இந்த நோய்க்குப் பலர் பார்க்கும் வைத்தியம், கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுவது. சுவரைக் கெடுப்பதே அதுதான்.

பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகும். சிமெண்டு அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் உயரே போகும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருக்கும். வெளியே பூச்சு கெட்டியாக நிற்க, உள்ளே செங்கல் மாவாகிக் கொண்டிருக்கும்.

[காட்சி: பின்சந்து வடிகால், மழைநீர்க் குழாய்.]

பொறியாளர் முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவார். உடைந்த குழாயா, அடைத்த வடிகாலா? பழைய தரை ஓட்டின்மேல் கான்கிரீட் போட்டிருந்தால், அடியில் சிக்கிய ஈரம் சுவரைத்தான் நாடும். சுவரில் குத்தி ஈரம் பார்க்கும் ஊசி மீட்டரை மட்டும் நம்பக்கூடாது, உப்பு இருந்தாலே அது அதிகமாகக் காட்டும். துளைபோட்டெடுத்த செங்கல் தூளை எடைபோட்டு, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால்தான் உண்மை தெரியும்.

பிறகு ஈரம் ஏறி நிற்கும் கோட்டுக்கு மேல் அரை மீட்டர்வரை சிமெண்டைக் கையால் கொத்தி எடுக்கவேண்டும். இயந்திர உளி வேண்டாம், செங்கல்லின் முகமே பெயர்ந்துவிடும். அடுத்தது காத்திருப்பு. 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்கு மேலும் ஆகலாம். வாடகைக்கு விட அவசரப்படுபவர்கள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான்.

காய்ந்தபின் ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், ஒவ்வொரு பூச்சும் சுமார் 10 மில்லிமீட்டர். ஈரச் சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரப்பதமும் தேவை. சட்டென்று காய்ந்தால் பொடியாகும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

[காட்சி: மேல்மாடி உத்தரத்தின் முனை.]

அதே ஈரம் சுவருக்குள் புதைந்த உத்தர முனையையும் அரிக்கும். சுத்தியலால் தட்டினால் மந்தமான ஓசை, கம்பி குத்தினால் உள்ளே இறங்கும். நல்ல மரம் வரும்வரை வெட்டி, அதே வகை மரத்தைச் சாய்வெட்டில் இணைத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் இறுக்குவார்கள். முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடைவெளி விடுவார்கள். வீட்டு மாடியைக் கடையாக்கினால் கணக்கே வேறு: சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கவேண்டிய தளம் 400 கிலோ தாங்கவேண்டும்.

பொதுச்சுவரின் மறுபக்கத்தில் பக்கத்து வீட்டு உத்தரமும் உட்கார்ந்திருக்கும். அதனால் இருபுறமும் முட்டுக்கொடுத்து, உத்தர முனை உட்காரும் ஒரு குழியை மூடி இறுகவிட்ட பிறகே அடுத்ததைத் திறக்கவேண்டும்.