இரண்டு குசினிகள்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஆற்றிய உரை, எழுத்தில்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

இராமேசுவரத்தில் அப்துல் கலாமின் வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். நம்மவர்கள் இராமேசுவரம் போவது புதிய விஷயமில்லை. என் அப்பா காலத்தில் இரவு கொழும்புக் கோட்டை நிலையத்தில் ரயில் ஏறினால் விடியத் தலைமன்னார் இறங்குதுறை. அங்கே கப்பல், கடல் தாண்டினால் தனுஷ்கோடி, அங்கே மறுபடியும் ரயில் காத்து நிற்கும். 'போட் மெயில்' என்றால் இங்கே முன்வரிசையில் இருக்கிற மூத்தவர்களின் முகம் மலர்வதைப் பார்க்கிறேன். 1914இல் தொடங்கிய அந்தப் பாதை, 1964 டிசெம்பர் புயலில் தனுஷ்கோடியோடு சேர்ந்து போனது. அதற்குப் பிறகு கப்பல் இராமேசுவரத்திலிருந்தே வந்துபோனது. 1980களில் அதுவும் நின்றுவிட்டது. நான் விமானத்தில் மதுரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்தேன். பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல். எங்கள் அப்பா இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதானே போயிருப்பார் என்று நினைத்தேன்.

ரயில் கதையை வீணாகச் சொல்லவில்லை. கலாம் 1931 ஒக்டோபர் 15ஆம் திகதி பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது சின்னப் பையன். போர்க்காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி எறிவார்கள். ஊரில் பத்திரிகை விநியோகித்த சம்சுதீன் அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர். விழுகிற கட்டுகளைப் பிடித்துக் கொடுக்க அவருக்கு ஒரு கைத்துணை தேவைப்பட்டது. அந்தக் கைத்துணை கலாம். அவருடைய முதல் சம்பளம் அதுதான். அந்தத் தண்டவாளத்தின் மறுமுனையில்தான் கப்பலும் கடலும் நம்முடைய தலைமன்னாரும் இருந்தன.

பெயரையும் பாருங்கள். அவருடைய மூத்த அண்ணன் முத்து மீரான் லெப்பை மரைக்காயர். 2021 மார்ச்சில், 104 வயதில் காலமானார். லெப்பை, மரைக்காயர் என்ற பெயர்களைக் கேட்டால் கொழும்பில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நம்முடைய மரிக்கார்மாரும் லெப்பைமாரும் அதே கடலோரத்தின் ஆட்கள். மரைக்காயர் என்ற சொல்லையே மரக்கலத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். கலாமின் தகப்பன் ஜைனுலாப்தீனும் படகுக்காரர். யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிப் பக்கம் ஏற்றிப்போக மரப்படகு கட்டினார். ஒரு புயல் அதையும் கொண்டுபோனது.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

வீடு மசூதித் தெருவில் இருக்கிறது. ஒடுங்கலான தெரு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய வீடு என்று அவரே எழுதியிருக்கிறார். இப்போது போனால் அந்தப் பழைய தோற்றம் இல்லை. மாடி எழுப்பி, ஒரு தளத்தைக் காட்சிக்கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு தளத்தில் சங்கு, சிப்பிப் பொருள்கள் விற்கிற கடை. நடத்துவது குடும்பத்தார்தான். படங்கள், புத்தகங்கள், விருதுகள், கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. 1980இல் ரோகிணிச் செயற்கைக்கோளை ஏற்றிப்போன எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1997இல் பாரத ரத்னா, 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர் பதவி, இவற்றின் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவருடைய கல்லறை ஊருக்கு வெளியே பேக்கரும்பில் இருக்கிறது. அங்கே 2017இல் பெரிய நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். அது பெரிய இடம், அழகான இடம். ஆனால் என் மனம் தெருவுக்குள் இருக்கிற இந்த வீட்டில்தான் நின்றது.

எனக்கு முன்னால் ஒரு பாட்டியும் பேத்தியும். படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததைப் பேத்தி எழுத்துக்கூட்டி வாசிக்க, பாட்டி ஒவ்வொன்றுக்கும் 'ம்' கொட்டிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் பாட்டி கேட்டார்: "அவுங்க அம்மா எங்க சமைச்சாங்களாம்?" பேத்திக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாடி ஏறி இறங்கியும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஏனென்றால் கலாமின் பிள்ளைப் பருவத்தை நான் வாசித்தவரை, அது முழுவதும் குசினியில்தான் நடக்கிறது.

அவருடைய தாய் ஆஷியம்மா. அவர் ஒவ்வொரு நாளும் சோறு போட்ட வெளியாட்களின் எண்ணிக்கை வீட்டுக்காரர் எல்லோரையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம் என்று மகன் எழுதுகிறார். குசினித் தரையில் தாயின் பக்கத்தில் இருந்து, வாழையிலையில் சோறு, சாம்பார், ஊறுகாய், தேங்காய்ச் சட்னி சாப்பிட்டதையும் எழுதுகிறார். இராமேசுவரம் கோயிலுக்கு அந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சீதா கல்யாணத் திருவிழாவில் சுவாமியைத் தெப்பக்குளத்தின் நடுவுக்குக் கொண்டுபோகப் படகு ஒழுங்கு செய்து கொடுத்தது இந்த முஸ்லிம் குடும்பம். கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகளும் ஜைனுலாப்தீனும் உற்ற சிநேகிதர்கள். வகுப்பில் சாஸ்திரிகளின் மகன் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பையன் இருப்பதைப் பொறுக்காத புது ஆசிரியர் ஒருவர், கலாமைக் கடைசி வாங்குக்கு அனுப்பினார். விஷயம் அறிந்ததும் சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைத்து, பிள்ளைகளின் மனத்தில் நஞ்சை விதைக்க வேண்டாம், மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தையும் இந்தத் தீவையும் விட்டுப் போங்கள் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இரண்டாவது குசினி, அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரின் வீட்டுக் குசினி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஐயர் ஆசாரமான குடும்பத்தவர். ஒருநாள் மாணவன் கலாமைச் சாப்பிட அழைத்துப்போகிறார். தன் சுத்தமான குசினியில் ஒரு முஸ்லிம் பையனா என்று ஐயரின் மனைவி, அந்த அம்மா, திடுக்கிட்டுப் போகிறார். பரிமாற மாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். ஐயர் மனைவியோடு சண்டை பிடிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. தன் கையால் பையனுக்குப் பரிமாறி, தானும் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார். அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். நான் சோறு சாப்பிட்டதிலோ, தண்ணீர் குடித்ததிலோ, சாப்பிட்ட இடத்தைத் துடைத்ததிலோ அவர் ஏதாவது வித்தியாசம் கண்டிருப்பாரா என்று பிற்பாடு கலாம் யோசிக்கிறார். அந்தப் பிள்ளையின் தொண்டையில் அன்றைக்குச் சோறு எப்படி இறங்கியிருக்கும்!

புறப்படும்போது ஐயர் அடுத்த வாரமும் வா என்கிறார். பையன் தயங்குகிறான். ஒரு வழக்கத்தை மாற்றுவது என்று இறங்கினால் இப்படியான சிக்கல்களுக்கு முகம் கொடுக்கத்தான் வேண்டும் என்று ஐயர் சொல்லி அனுப்புகிறார். அடுத்த வாரம் அவன் போனபோது, அந்த அம்மாவே அவனைக் குசினிக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறுகிறார்.

ஒரு வாரம். அந்த ஏழு நாளும் அந்த வீட்டில் என்ன பேசினார்கள், அந்த அம்மா தனக்குள் எதையெல்லாம் யோசித்தார் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எனக்கு ராக்கெட் படங்களைவிட அந்த ஏழு நாள் பெரிதாகத் தெரிகிறது.

2012 ஜனவரியில் கலாம் கொழும்புக்கு வந்தார். நம்முடைய மும்மொழித் திட்டத்தைத் தொடக்கிவைக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்கும் போய் மாணவர்களோடு பேசினார். அப்போது நாங்கள் எல்லோரும் சிங்களவர்களோடு சேர்ந்து வாழ்வதைப் பற்றித்தான் பேசினோம். தமிழ் பேசுகிற நாங்கள், சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர், ஒருவர் குசினியில் ஒருவர் சாப்பிடுகிறோமா என்று அன்றைக்கு நான் என்னையே கேட்கவில்லை. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை அறிந்த பிறகும் கேட்கவில்லை. இராமேசுவரம் போய்த்தான் கேட்டேன்.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். சொல்வதற்கு இத்தனை வருசம் எடுத்தது.

சின்ன வயதில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில் இருந்தோம். பக்கத்து வீடு ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுப் பையனும் நானும் ஒரே வகுப்பு. நோன்பு மாதத்தில் அவனுடைய உம்மா எங்களுக்கு நோன்புக் கஞ்சி அனுப்புவார். நாங்கள் சைவம் என்பதால், இறைச்சி போடாமல் எங்களுக்கென்று வேறு பாத்திரத்தில் காய்ச்சுவார். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு படலைவரை வருவான். அம்மா சிரித்த முகத்தோடு வாங்குவார், தலையைத் தடவி அனுப்புவார். அவன் போனதும் அதைப் பின்வளவில் வாழையடியில் ஊற்றிவிடுவார். வாளியைச் சாம்பல் போட்டு விளக்கித் திருப்பிக் கொடுப்பார். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் நித்திரை கொள்ளாதவர். அவருக்குப் பழக்கப்பட்டது அப்படி. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சிவசுப்பிரமணிய ஐயர் இருக்கவில்லை. அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் எங்கள் விறாந்தையைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது.

இராமேசுவரத்திலிருந்து திரும்பிய அடுத்த வாரம் அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். தெமட்டகொடையில் இருக்கிறான். வீட்டுக்குச் சாப்பிட வா என்றேன். என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை, வா என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தான். வரவேற்பறையில் இருக்கப் போனவனைக் கையைப் பிடித்துக் குசினிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த சின்ன மேசையில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, மல்லுங். என் மனைவி பரிமாறினாள். அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவ எழும்பினான். எனக்குச் சட்டென்று மசூதித் தெருப் பையனின் ஞாபகம் வந்து, அழுகை வந்துவிட்டது. என்னடா என்று கேட்டான். அப்புறம்தான் கஞ்சிக் கதையைச் சொன்னேன், வாழையடியையும் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுச் சொன்னான்: "உம்மாக்கு அது அப்பவே தெரியும்டா. எங்கட மதிலுக்கு மேலால தெரியும். நான் இனி கொண்டுபோக மாட்டன் எண்டு சொன்னன். கொண்டுபோய்க் குடுத்துட்டு வா எண்டு சொன்னாங்க."