கொல்லிமலை: 70 வளைவும் ஒரு சிரிப்பும்

[காட்சி: காரவள்ளி அடிவாரம். வளைவு எண் பலகை.]

இந்தப் பலகையைப் பாருங்க. 1/70. இன்னும் 69 கொண்டை ஊசி வளைவு பாக்கின்னு அர்த்தம். நாமக்கல் மாவட்டத்துல காரவள்ளிங்கிற இந்த அடிவாரத்துலதான் கொல்லிமலை ஏத்தம் ஆரம்பிக்குது. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரம்மா கையில எலுமிச்சம்பழம் வச்சிருந்தா சிரிக்காதீங்க. இருபதாவது வளைவுல நீங்களே ஒண்ணு கேப்பீங்க.

எதுக்கு இத்தனை வளைவு? கொல்லிமலை கூம்பு மாதிரி கூரா இல்ல. 1,000 மீட்டருக்கு மேல உயரத்துல பரந்து கிடக்கிற மேட்டு நிலம் அது. ஊரு, வயலு, சந்தை எல்லாம் மேல இருக்கு. ஓரம் மட்டும் மதில் மாதிரி நிக்குது. மதில்ல நேரா ரோடு போட்டா எந்த வண்டியும் ஏறாது. அதனால சரிவுக்குக் குறுக்கா கொஞ்ச தூரம், சட்டுனு ஒரு திருப்பம், மறுபடியும் குறுக்கா. தூரத்தைக் கூட்டி ஏத்தத்தைக் குறைக்கிறாங்க, அவ்வளவுதான் கணக்கு.

[காட்சி: வளைவில் திரும்பும் பஸ். ஹாரன் சத்தம்.]

பஸ் திரும்புறதைக் கவனிங்க. ரோடு மொத்தத்தையும் எடுத்துக்குது. ஹாரன் கேட்டா நீங்க முன்னாடியே ஒதுங்கி நிக்கணும். இறங்குற வண்டிதான் ஏறுற வண்டிக்கு வழி விடணும். அது மரியாதைக்காக மட்டும் இல்ல, சாலை விதியே அதுதான். ஏத்தத்துல நின்ன வண்டியை மறுபடி நகர்த்துறது எவ்வளவு கஷ்டம்னு, பின்னாடி உருண்டு பார்த்தவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

சரி, கதைக்கு வருவோம். இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்கள்ல ஒருத்தன். அவன் விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்னு, மானை உருட்டி, பன்றியைச் சாய்ச்சு, கடைசியில புற்றுல இருந்த உடும்புல போய்த் தைச்சுதாம். புறநானூறுல வன்பரணர் பாடினது. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். பாட்டுல அந்த அம்பு பெரிய மிருகத்துல ஆரம்பிச்சு உடும்புல முடியுது பாருங்க, அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். இந்த ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்னு, மலையைச் சேரனுக்குக் கொடுத்துட்டான். மலை மேல இருக்கிற செம்மேடுங்கிற ஊர்ல ஓரிக்குச் சிலை இருக்கு. ஆடிப்பெருக்கை ஒட்டி வருஷா வருஷம் விழாவும் நடக்கும்.

[காட்சி: மரங்களுக்கு நடுவே மூடுபனி. சாலை மறைகிறது.]

ஆனா வண்டியில ஏறினவங்க முதல்ல சொல்ற கதை ஓரியோடது இல்ல. கொல்லிப்பாவையோடது. காட்டுக்குள்ள ஒரு அழகான பொம்மை. யாராவது கிட்ட போனா சிரிக்கும், சிரிச்சே கொன்னுடும். தவம் பண்ற முனிவர்களை அசுரர்கள்கிட்டேயிருந்து காப்பாத்த அதை நிறுத்தி வச்சாங்கன்னு சொல்லுவாங்க. மேல இருக்கிற எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவைன்னு மலை ஜனங்க கும்பிடுறாங்க.

இங்கேதான் ஒரு விஷயம். சங்கப் பாட்டைத் திறந்தா அந்தப் பாவை வேற முகம் காட்டுறா. நற்றிணையில ஒரு பாட்டு: காத்து மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், பூமியே குலுங்கினாலும் அழகு குலையாத பாவை மாதிரி, என் காதலி என் நெஞ்சை விட்டுப் போகவே மாட்டேங்கிறான்னு ஒருத்தன் உருகுறான். இன்னொரு நற்றிணைப் பாட்டுல, அந்தப் பாவை போல இருக்கிறவ என்னைக் கொல்லப் பார்க்கிறாளேன்னு ஒருத்தன் புலம்புறான். ஆக, கொலைங்கிற பேச்சு அப்பவே இருக்கு, ஆனா அது காதல்ல சாகிற சாவு. அந்தப் புலம்பல்தான் நாளடைவுல அசுரனைக் கொல்ற சிரிப்பா மாறியிருக்கணும்னு நான் நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னா என்கிட்ட ஒண்ணும் கிடையாது.

[காட்சி: சில்வர் ஓக் மரத்தில் சுற்றிய மிளகுக்கொடி. கை ஒரு சரத்தைத் திருப்புகிறது.]

மேல வந்தாச்சு. நெட்ட நெட்டையா சில்வர் ஓக் மரம், ஒவ்வொண்ணுலயும் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. பச்சை மிளகு ஒண்ணைக் கடிச்சுப் பாருங்க. முதல்ல ஒரு பச்சை வாசனை, நாலு நொடி கழிச்சுதான் காரம் வந்து அறையும்.

அறப்பளீஸ்வரர் கோயில் இருக்கிற பக்கம் ஓடுறது ஐயாறு. அதுல இருக்கிற மீனை யாரும் பிடிக்க மாட்டாங்க, பொரிதான் போடுவாங்க. யாரோ மீனை அறுத்துக் குழம்பு வச்சாங்களாம், துண்டெல்லாம் ஒண்ணுகூடி மறுபடி ஆத்துல துள்ளிடுச்சாம். அறுத்த மீனைப் பொருத்தினவர்னுதான் சாமியையே சொல்றாங்க. இதே ஐயாறுதான் கொஞ்சம் தள்ளி ஆகாய கங்கை அருவியா விழுது. ஆயிரத்துக்கும் மேல படி. இறங்குறப்ப ஜாலியா இருக்கும். முட்டி வலிக்காரங்க கோயில்லயே உக்காந்துக்கலாம்.

[காட்சி: மேலிருந்து இறங்கும் சாலை. பலகை 70/70.]

திரும்பும்போது கியரைக் குறைச்சு, எஞ்சின் பிடியிலேயே இறங்குங்க. பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவும் மிதிச்சுக்கிட்டே வந்தா அது சூடேறி, பாதியில பிடிக்காமப் போகும். தீய்ஞ்ச வாசனை வந்துச்சுன்னா ஓரம் கட்டிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி சோளக்காடு சந்தையில ஒரு நிமிஷம் நில்லுங்க. சீசன்ல பலாப்பழம் குவிஞ்சு கிடக்கும். காதலி நெஞ்சை விட்டுப் போகமாட்டான்னு பாடினானே, அந்த நற்றிணைப் பாட்டுல பாவைக்கு முன்னாடியே இந்த மலையோட பலா வந்துடும், செவ்வேர்ப் பலான்னு.

[காட்சி: பிளந்த பலா. சுளை எடுக்கும் விரல்கள்.]