எங்கிருந்து தொடங்குவது?

நண்பர்களே, 1 பேதுரு 3:15 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." இங்கே உத்தரவு என்றால் கட்டளை இல்லை, பதில். கிரேக்கத்தில் 'அப்போலோகியா'. குற்றம் சாட்டப்பட்டவர் வழக்குமன்றத்தில் தன் தரப்பைச் சொல்வதற்கும் இதே சொல்தான். நம்மில் சிலர் இன்றைய பொருளில்தான் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறோம், அது வேறு கதை.

சரி, அந்தப் பதிலை எங்கிருந்து தொடங்குவது? இதில் விசுவாசிகளே ஒத்துப்போவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கண்முன் இருக்கும் அசைவையும் காரண காரியத்தையும் பிடித்துக்கொண்டு ஐந்து வழிகளில் கடவுளிடம் போனார். முதலில் கடவுள் உண்டு என்று காட்டு, அப்புறம் கிறிஸ்துவைப் பேசு என்பது அந்த மரபு. சான்றுகளை நம்புகிறவர்களுக்கு அவ்வளவு சுற்று தேவையில்லை. நேரே கிறிஸ்துவின் உயிர்த்தெழுதலுக்கு வந்துவிடுவார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் அவரைக் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று பவுல் எழுதவில்லையா? போய்க் கேட்டுக்கொள் என்பதுபோல!

20ஆம் நூற்றாண்டில் கார்னீலியஸ் வான் டில் என்ற இறையியலாளர் இந்த இரண்டு வழிகளையுமே ஏற்கவில்லை. யாரும் நடுநிலையாக உட்கார்ந்து சான்றுகளை எடைபோடுவதில்லை என்றார். கடவுளை ஒதுக்கிவிட்டால் தர்க்கத்துக்கே காலூன்ற இடமில்லை என்பது அவர் வாதம். நிரூபிக்க வேண்டியதையே முதலில் எடுத்துக்கொள்கிறீர்களே என்று கேட்டால், பகுத்தறிவை நம்புகிறவரும் பகுத்தறிவைக் கொண்டுதானே அதை நியாயப்படுத்துகிறார் என்று அவர் வழியில் வருகிறவர்கள் திருப்பிக் கேட்பார்கள். இதை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. ஆனால் இதே வாதத்தை வேறொரு வேதத்தைக் கையில் வைத்திருப்பவரும் சொல்லலாமே? அங்கே இந்த வழி இடறுகிறது என்றே நினைக்கிறேன்.

அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தை வீட்டில் முழுவதும் வாசித்துப் பாருங்கள். தெசலோனிக்கேயாவில், யூதருடைய ஜெப ஆலயத்தில், பவுல் வேதவாக்கியங்களை எடுத்துப் பேசுகிறார். அதே பவுல் அத்தேனேயில் (ஏதென்ஸ்) ஒரு வசனத்தைக்கூட மேற்கோள் காட்டவில்லை. 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதியிருந்த பலிபீடத்தில் தொடங்குகிறார், அவர்களுடைய புலவரின் வரியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கேட்பவர் மாறினார், வாசலும் மாறியது. உயிர்த்தெழுதலை மட்டும் அவர் இரண்டு இடத்திலும் விடவில்லை.

அத்தேனேயில் அதைக் கேட்டதும் சிலர் இகழ்ந்தார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். பவுல் மல்லுக்கு நிற்காமல் புறப்பட்டுவிட்டார். தியொனீசியு என்பவரும் தாமரி என்ற பெண்ணும் இன்னும் சிலரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.